லிஃப்ட்காரன்தான் கொலைகாரன்

படத்தில் ஆறு கொலை. கொலைகாரன் யார் என்பது நாலே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரராக நடித்தவர். தெரியாமல் எப்படி இருக்கும், கொலைகாரனே அவர்தான்.

இருபது வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவருக்கு, கடைசிக் காட்சியில் முகமூடியைக் கழற்றி முகம் காட்டுகிற வேஷம். டைரக்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"அதுவரைக்கும் உங்க மேல யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுண்ணே."

பேச்சு மாறுகிற ஆளா அவர்? சாகப்போகிற ஆறு பேரையும் அவர்தான் மேலே ஏற்றிவிட்டார். "எத்தனாவது மாடி?" என்கிற ஒரே வசனத்தைத் தராசு முள் அசையாத மாதிரி நிறுத்துச் சொன்னார். கேமரா திரும்பினால் பொத்தானைப் பார்த்தார். வீட்டிலும் மூச்சு விடவில்லை.

வெளியிடுமுன் கருத்துக் கேட்க வெளியாட்கள் நாற்பது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, மனைவியையும் கூட்டிப் போனார். அரைமணி கழித்து அவள் காதோரம் கேட்டாள்.

"நீங்க எப்போ வருவீங்க?"

"மூணு தடவை வந்துட்டுப் போயிட்டேன்."

"நல்லாத்தான் நடிக்கிறீங்க போங்க."

கட்டினவளையே ஏமாற்றியாயிற்று. அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

கடைசியில் முகமூடி கழன்றது. இருபதடி உயரத்துக்கு அவர் முகம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவன், "யாருடா இவன்?" என்றான்.

"தெரியலை. வழி தவறி வந்துட்டான் போல," என்றான் பக்கத்திலிருந்தவன்.

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி அவர்களிடம் வந்து சேர்ந்தது.

வாசலிலேயே தயாரிப்பாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். டாக்டராக நடித்தவர்தான் இனிக் கொலைகாரன். அவர் முகம் ஊருக்கே தெரியும்.

"நடுவுல ரெண்டு இடத்துல என் முகத்தைக் கிட்டக்கக் காட்டினா போதுமே சார்," என்றார் லிஃப்ட்காரர்.

"காட்டினா இடைவேளைக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க," என்றார் டைரக்டர். "உங்க மேல தப்பில்லைண்ணே. சொன்னதைச் சொன்னபடி செஞ்சீங்க. கொஞ்சம் குறைச்சுச் செஞ்சிருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசிக் கொலையை நாளைக்குத் திரும்ப எடுக்கறோம். டாக்டருக்குக் கயிறு போட்டு இறுக்க வராது. கை மட்டும் உங்களுதா இருக்கட்டுமே."

"முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி, வீட்டுக்குப் போகும் வழியில்.

"சொன்னா கையும் போயிடும்."

மறுநாள் டாக்டரின் முதுகோடு ஒட்டி நின்று, அவருடைய கோட்டுக் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்துக்கொண்டார். முன்னால் நாற்காலியில் சாக வேண்டியவன்.

"தலை தெரியுதுண்ணே. குனிங்க."

குனிந்தார். கஞ்சி போட்ட துணியில் மூக்கு நசுங்கியது. கயிற்றை இழுத்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"கட்," என்றார் டைரக்டர். "டாக்டர் சார், எனக்கு உடம்பே நடுங்கிடுச்சு."

"கதாபாத்திரத்துக்குள்ள போயிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று டாக்டர் அடக்கமாகச் சொன்னார். பின்னால் நின்றவர் இன்னும் கைகளை உருவிக்கொண்டிருந்தார்.