கொடுத்தது கட்டாந்தரை

எங்களைக் காலி செய்யச் சொன்னதற்குக் காரணமே என் தோட்டம்தான். ஓனரைப் பார்க்க வந்த ஒரு தம்பதி வேலிக்கு வெளியே நின்று என் செம்பருத்தியைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்கள். அடுத்த வாரமே எங்களுக்கு நோட்டீஸ். நட்டவளுக்குத் தெரு, ரசித்தவர்களுக்கு வீடு. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் குடிவந்தபோது கொல்லைப்பக்கம் முழுக்க உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, பாதி கக்கூஸ் பீங்கான். புல்லுகூட முளைக்க யோசிக்கும். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து கடப்பாரையால் குத்திக் குத்திக் கல்லைப் பொறுக்கினேன். வார்டில் தேதி முடிந்து தூக்கிப்போடும் சலைன் குழாய்களைக் கேட்டு வாங்கி, செடிக்குச் செடி மாட்டி, நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு என்று தண்ணீர் விட்டேன்.

"எனக்கு ஜுரம் வந்தா ஒரு மாத்திரைதான். செடிக்கெல்லாம் டிரிப்ஸு" என்பார் கணவர்.

ஷிப்ட் முடிந்தால் நாங்கள் அப்படியே எழுந்து போய்விட மாட்டோம். ஒவ்வொரு கட்டிலாகப் போய், அடுத்து வரும் நர்ஸிடம் நோயாளியின் நிலவரத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். கோபம் ஓனர் மேல்; செடி என்ன பாவம் செய்தது? அடுத்துக் குடிவருபவர்களுக்காக ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். பெட் ஒன்று, மல்லிகை, வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. பெட் நாலு, ரோஜா, மாவுப்பூச்சி வரும், இலைக்கு அடியில் பார்க்கவும்.

ஓனர் வீட்டைச் சரிபார்க்க வந்த அன்று நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஹாலில் ஆணி ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சுவத்த சல்லடையாக்கி வச்சிருக்கீங்க?"

"பூசிக் குடுத்துடறோம் சார். இந்த நோட்டுல செடிங்களப் பத்தி..."

"நோட்டெல்லாம் எதுக்கு? வீட்ட நான் எப்படிக் குடுத்தேனோ அப்படியே திருப்பிக் குடுங்க, போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படியேவா சார்?"

"அப்படியேதான்."

கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் நழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வார்டில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் சாக்கும் பக்கெட்டுமாக வந்து நின்றார்கள். செம்பருத்தியின் கிளைகளைக் கழித்துவிட்டு வேரோடு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தேன். மல்லிகை எதிர்வீட்டுத் தையல்காரருக்கு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சொட்டு, எப்போது உரம் என்று சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்து, குழாயோடு அனுப்பினேன். சாயங்காலம் கொல்லையில் குழிகள்தான் இருந்தன. அதையும் மூடிச் சமப்படுத்தினேன்.

சாவி கொடுக்கும் நாளில் ஓனர் அந்தத் தம்பதியோடு வந்தார். பெருமையாகப் பின்கதவைத் திறந்தார்.

"தோட்டத்தோட தர்றேன்னு சொன்னீங்களே?" என்றாள் அந்தப் பெண்.

ஓனர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? அநியாயமா இருக்கே!"

"நீங்க சொன்னதத்தான சார் செஞ்சேன்? ஆணி ஓட்டையும் பூசியாச்சு. அந்தக் கக்கூஸ் பீங்கான் ஒண்ணுதான் குறையுது. வேணும்னா தேடித் தர்றேன்."

அவர் அந்தத் தம்பதியைப் பார்த்து அசடு வழிந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தப் பெண் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மண்புழு நெளிந்தது.

"மண்ணப் பாருங்களேன், எவ்ளோ நல்லா இருக்கு! குச்சிய நட்டாலே துளிர்த்துடும். நாமளே போட்டுக்கலாம்" என்றாள் தன் கணவனிடம்.

ஓனர் உடனே நிமிர்ந்தார். "எங்க மண்ணு எப்பவுமே அப்படித்தாங்க."

எங்க மண்ணாம்! நான் பொறுக்கிய கல், நான் புதைத்த காய்கறித் தோல், ஒன்பது வருஷம் நிமிர்த்த முடியாமல் வலித்த என் முதுகு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. போயும் போயும் அந்த ஆள் முன்னால், கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினேன்.