பீச் ஸ்ட்ரீட்டுக்கு வந்த முக்கால் ஏக்கர்

1979 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, நிபோங் திபால் ஜெயலெட்சுமியின் முக்கால் ஏக்கர் மிளகாய்த் தோட்டம் அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, காலை பத்தரைக்குப் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியின் வாசலில் படுத்துக்கொண்டது. ஃபெரியில் இரண்டு லாரிக்கான கட்டணம் வாங்கினார்கள். அவள் அதைக் கூப்பிடவில்லை. விதவையான பின் பதினொரு வருஷமாக அந்த மண்ணைக் கொத்தியவள் அவள் ஒருத்திதான். நிலப் பத்திரத்தில் இருந்த பெயரோ கணவனின் அண்ணன் தங்கராஜுவுடையது. அந்த வருஷம் மழை இல்லை. தண்ணீர்ப் பம்பு வாங்கத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி வேண்டும். பத்து நாளில் கிடைக்காவிட்டால் செடிகள் கருகிவிடும், கருகினால் நிலத்தை விற்றுவிடுவதாகத் தங்கராஜு சொல்லியிருந்தார். வங்கி அவளை நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தது. ஓர் ஆண்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் மிளகாய் கூடுதலாகக் காய்க்குமோ என்னவோ!

கடன் அதிகாரி குலசேகரம் வெளியே வந்து பார்த்தார். நல்ல மனுஷர், விதிமுறையைத் தாண்டி ஒன்றும் அறியாதவர். "நிலம் வந்தது சரி அம்மா. ஆனா உங்கட பேரில இல்லையே?" என்றார்.

"பேரு எங்க மச்சாண்டாரோடதுதான் ஐயா. அவரையே வந்து கூப்பிடச் சொல்லுங்க லா. அவரு பின்னாடி அது போச்சுன்னா, நான் பேசாம விட்டுடுறேன்."

மத்தியானம் தங்கராஜு டாக்சியில் வந்து இறங்கினார். கூப்பிட்டார், அதட்டினார், கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார். நிலம் அசையவில்லை. ஜெயலெட்சுமிக்கு உள்ளுக்குள் பயம்தான். வங்கிப் படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் மணிக்கூண்டுப் பக்கம் பத்தடி நடந்தாள். பாத்திகள் வளைந்து, செடிகள் குலுங்க, நிலமும் பத்தடி நடந்தது. தெருவே கைதட்டியது. தங்கராஜு என்ன செய்வார் பாவம், அன்றைக்கே பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவள் ஆனந்தமாக அழுதாள். வெள்ளிக்கிழமை பம்பு ஓடியது. பதினான்கே மாதத்தில் கடன் அடைந்தது.

அதற்குப் பிறகு சுங்கை பாக்காப்பிலிருந்து வாழைத் தோட்டங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் தங்கள் பெண்களோடு வரத் தொடங்கின. 1986-இல் கெப்பாலா பத்தாஸில் சித்தி ஆயிஷா என்ற மலாய்ப் பெண்ணின் நெல்வயல், தண்ணீரும் நான்கு கொக்குகளுமாக வாசலை நிறைத்தது. குலசேகரம் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. எத்தனை வெள்ளி வேண்டும் என்று மட்டும் மலாயில் கேட்டுவிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார்.