ஏழாவது நிகழ்ச்சி

2025 செப்டெம்பர் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள தமிழ்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம் கூடியது. 20ஆம் திகதி நடக்கவிருந்த பரிசளிப்பு விழாவின் நிகழ்ச்சி நிரல் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் ஏழாவது நிகழ்ச்சி: ‘காலை உணவு வழங்கிவரும் திருமதி பைறோஸா பௌஸி அவர்களைக் கௌரவித்தலும், பயன்பெறும் மாணவர்கள் மேடையில் நன்றி தெரிவித்தலும்.’

ஆறாவது நிகழ்ச்சி, சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்ற பதினொரு பேருக்குப் பரிசு வழங்கல். மிதுனா அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. ஏழாவதில் சொல்லப்பட்ட பயன்பெறும் மாணவர்களிலும் ஒருத்தி. இந்த இரண்டாவது விஷயம் அவளுடைய அம்மாவுக்குத் தெரியாது.

பைறோஸாவின் சாப்பாட்டுக் கடை அதே ஒழுங்கையின் மேல்பாதியில், ஒரு பார்மசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2022இல், சமையல் காஸும் மாவும் கிடைக்காத மாதங்களில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கியபோது, நாகேஸ்வரி ரீச்சர் அவரிடம் போய்க் கதைத்தார். கொடுக்கலாம், ஆனால் பாடசாலையில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்க வேண்டாம் என்று பைறோஸா சொன்னார். வரிசை வைத்தால் பசியில்லாத பிள்ளைதான் வந்து நிற்கும் என்பது அவருடைய எண்ணம். அதனால் வேறொரு முறை வந்தது. தேவையுள்ள பிள்ளை வீட்டுக்குப் போகும்போது வெறும் சாப்பாட்டுப் பெட்டியைக் கடையின் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போகும். மறுநாள் காலை ஏழேகாலுக்கு முன் அதே பெட்டியை எடுத்துக்கொண்டு போகும். உள்ளே இடியப்பமோ, ரொட்டியோ, பாணும் பருப்புமோ இருக்கும். மூடியில் பிளாஸ்டர் துண்டில் ஓர் எண் மட்டும் எழுதியிருக்கும். இடைவேளையில் வகுப்பில் திறந்தால் அது வீட்டிலிருந்து வந்த பெட்டிதான். அதற்காகவே பைறோஸா அந்தப் பெட்டிகளில் மீனோ இறைச்சியோ வைப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில், சைவப் பிள்ளைகளின் வீடுகளில் போல, முட்டையும் இல்லை. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்கவும் பழகிக்கொண்டார்.

மிதுனாவின் பெட்டி பத்தொன்பதாம் எண். அம்மா தயாளினி வத்தளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடிய ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார். இரண்டு பிள்ளைகளுக்கும் என்று அவர் வெட்டி வைத்துவிட்டுப் போகும் பாணை இரண்டு வருடமாகத் தங்கைதான் முழுவதும் சாப்பிட்டுவந்தாள்.

புதன்கிழமை இடைவேளையில் பக்கத்து வாங்கில் இருந்த பர்ஸானா செய்தியோடு வந்தாள்.

“கேட்டியா? ப்ரைஸ் கிவிங்ல பைறோஸா ஆன்ட்டிக்கு பொன்னாட போடுறாங்களாம். அவங்கட சாப்பாடு சாப்பிடுற புள்ளைகள் முப்பத்துநாலு பேராம், எல்லாரையும் மேடைக்கு ஏத்துறாங்களாம். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நம்மட வகுப்புல யாரும் இருப்பாங்களோ?”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் மிதுனா. பெட்டியை மூடினாள். மூடியின் எண் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

“ஏன், சாப்பாடு சரியில்லையா? உங்கம்மாட சொதியத் தா, நான் குடிக்கிறேன்.”

பாடசாலை விட்டதும் அவள் நாகேஸ்வரி ரீச்சரைத் தேடிப் போனாள். ரீச்சர் ஆசிரியர் அறையில் வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கேள்வி விளங்கிவிட்டது.

“நான் பேர் குடுக்கேல்லை பிள்ளை. எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். பொய்தான்.”

“அப்ப கூப்பிட மாட்டினமோ, ரீச்சர்?”

“கதிர்காமநாதன் சேர் விடுற ஆள் இல்லை. நாளைக்குக் காலமை தானே கடைக்குப் போய்ப் பேர் எடுக்கப் போறாராம். நிகழ்ச்சி நிரல் அச்சுக்கும் போயிட்டுது, கொட்டாஞ்சேனைக்கு. நானூறு பிரதி.”

கதிர்காமநாதன் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய மாணவர், விழாக் குழுவின் பொறுப்பாளர். கெட்ட மனிதர் அல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும் அவர்தான் படங்கள் அனுப்புவார். அவர் அனுப்பிய படங்களால்தான் ஆய்வுகூடத்துக்குக் கூரை வந்தது. கொடுப்பவருக்குப் பக்கத்தில் பெற்றவர்கள் நின்று எடுத்த படம் இல்லாவிட்டால் அடுத்த உதவி வராது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

அன்றிரவு தயாளினி அலுமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தார்.

“அடுத்த சனிக்கிழமை அரைநாள் லீவு கேட்டிருக்கிறன். எங்கட லைனில வேலை செய்யிற றஸ்மியாவும் வாறாளாம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையைப் பாக்கவேணுமாம்.”

“கஷ்டப்பட்டு வரவேணுமெண்டில்லை, அம்மா. ஒரு சேர்டிபிகேட்தானே.”

“உனக்கு நான் வாறது வெட்கமோ?”

“நான் அப்பிடிச் சொன்னனானே?”

“பின்ன என்ன. ஆரிட்டையும் கை நீட்டாமல் உங்கள் ரெண்டு பேரையும் இவ்வளவுக்குக் கொண்டுவந்தனான். நான் வந்து இருந்து பாக்கத்தான் போறன்.” சேலையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பாணை வெட்டத் தொடங்கினார்.

மேடையில் தன் பெயர் இரண்டாவது தடவை வாசிக்கப்படும்போது அம்மா எந்த வரிசையில் இருப்பார் என்பதைப் பற்றியே மிதுனா நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கதிர்காமநாதன் ஒரு பைலோடு கடைக்குப் போனார். பக்கத்து மேசையில் முப்பத்துநான்கு பெட்டிகளும் நிரப்பப்பட்டு வரிசையாக இருந்தன.

“வாங்க சேர். ப்ளேன்ரீ குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் மிஸிஸ் பௌஸி. பிள்ளையளின்ர பேர் லிஸ்ட்தான் வேணும்.”

“பேர் எனக்குத் தெரியாது சேர். நம்பர்தான் ஈக்கி.”

“மூண்டு வருஷமாச் சாப்பாடு குடுக்கிறியள். பேர் தெரியாதோ?”

“கேட்டா வராதுகள் சேர். மொத மாசம் ஒரு புள்ளையிட்டக் கேட்டேன். அந்தப் பொக்ஸ் அந்தா மேல ஈக்கி.” பைறோஸா சுவர்த் தட்டைக் காட்டினார். நீல நிறப் பெட்டியொன்று அங்கே இருந்தது. மூடியில் நான்காம் எண்.

“அது சின்னப் பிள்ளையா இருக்கும், பயந்திருக்கும். நான் இதில இருக்கிறன். வாற பிள்ளையளிட்டை ஒவ்வொண்டாக் கேட்டு எழுதுறன். அஞ்சு நிமிஷ வேலை.” பிளாஸ்டிக் கதிரையொன்றை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு, பைலை மடியில் விரித்தார்.

முதலில் ஆறாம் வகுப்புப் பிள்ளையொன்று வந்தது. கதிரையைப் பார்த்தது. “ஆன்ட்டி, டைம் என்ன?” என்று கேட்டது. கையில் மணிக்கூடு கட்டியிருந்தது. பதிலைக் கேட்டுக்கொண்டு போய்விட்டது. அடுத்து வந்த இரண்டு பொடியன்கள் பார்மசியின் பெயர்ப்பலகையை நின்று வாசித்தார்கள். பிறகு அவர்களும் போனார்கள். ஒரு மாணவி ஒரு சொக்கலேட்டின் விலை கேட்டாள், கூடுதல் என்றாள், நடந்தாள்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மிதுனா ஒழுங்கைக்குள் இறங்கினாள். கதிர்காமநாதனின் வெள்ளைச் சட்டையையும் பைலையும் தூரத்திலேயே கண்டாள். எதிர்ப் பக்கத்துக்கு மாறி, நடையைக் குறைக்காமல் பாடசாலைக்குள் போனாள். அன்று இடைவேளையில் அவள் நூலகத்தில் இருந்தாள்.

பாடசாலை மணி கடை வரை கேட்டது. கதிர்காமநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“என்ன, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை?”

“வந்தாங்க சேர். எல்லாரும் வந்தாங்க. நீங்க இங்க ஈந்தீங்க, போயிட்டாங்க.”

அவர் மேசையைப் பார்த்தார். பெட்டிகள் வைத்தபடியே இருந்தன. சூட்டில் மூடிகளின் உட்புறம் வியர்த்திருந்தது.

“நான் பிள்ளையளை ஏசவே வந்தனான்?”

“இல்லை சேர்.”

“இப்ப இதுகளை என்ன செய்யிறது? பாடசாலைக்குக் கொண்டுபோய்க் குடுத்தால் என்ன?”

“யாருக்குன்னு குடுக்க? ஒவ்வொரு வகுப்பா போய், பத்தொன்பதாம் நம்பர் யாருன்னு கேக்கவா?”

கதிர்காமநாதன் பேனாவால் தொட்டுத் தொட்டுப் பெட்டிகளை எண்ணினார். முப்பத்துநான்கு வந்தது. மறுபடியும் எண்ணினார்.

“அப்ப இண்டைக்கு இவ்வளவு பேரும் பட்டினி.”

“இன்டெர்வலுக்குப் பட்டினிதான். நாளைக்கும் நீங்க ஈந்தா நாளைக்கும்.” பைறோஸா கொதித்த தண்ணீரைக் கேத்தலில் ஊற்றினார். “நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க சேர், எனக்கு வெளங்குது. ஆனா புள்ளைகள நிக்க வெச்சா நான் மேடைக்கு வரமாட்டேன். என்ட வீட்டுக்காரர் பொன்னாடைய படம் பிடிக்க புது போனெல்லாம் தேடுறாரு. அவருக்கும் சொல்லீக்கிறேன்.”

கதிர்காமநாதன் பேனாவை மூடினார். பிறகு பைலிலிருந்த வெறுந்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அந்த ப்ளேன்ரீயைத் தாங்கோ,” என்றார். “சீனி போடாதேங்கோ.”

இதில் எதுவும் மிதுனாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவள் ஒழுங்கைமுனையில் நின்று பார்த்தாள். கதிரை இல்லை. ஆனாலும் போகவில்லை. அன்று பாதிப் பெட்டிகள்தான் எடுக்கப்பட்டன. திங்கட்கிழமை பசி தாங்காமல் போனாள். பைறோஸா வழக்கம்போலத் தலையை நிமிர்த்தாமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பாடசாலை விட்டபின், மிதுனாவையும் பர்ஸானாவையும் நாகேஸ்வரி ரீச்சர் நூலகத்துக்கு அழைத்தார். மேசையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நானூறு நிகழ்ச்சி நிரல்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் கதிர்காமநாதன் ஒரு கோந்துப் போத்தலுடனும் கத்தரித்த வெள்ளைத்தாள் கீற்றுகளுடனும் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாம் பக்கத்தில, ஏழாவதின்ர கடைசி வரியை மறைக்கவேணும்,” என்றார். “நேரா ஒட்டுங்கோ. வளைஞ்சுதெண்டால் ஆக்கள் கிழிச்சுப் பாப்பினம்.”

மிதுனா முதல் பிரதியைத் திறந்தாள். ‘பயன்பெறும் மாணவர்கள் மேடையில் நன்றி தெரிவித்தலும்’ என்பது தனி வரியாக இருந்தது. அதற்கு மேல்வரி ‘கௌரவித்தலும்,’ என்று முடிந்தது.

“ஏன் சேர் மறைக்கிறோம்?” என்று பர்ஸானா கேட்டாள்.

“அச்சுப்பிழை.”

“இவ்வளவு நீளமாவா?”

“நீளமான அச்சுப்பிழை. ஒட்டு பிள்ளை.”

“அப்ப மேல ‘தலும்’ன்னு தொங்குதே, அதுக்கு?”

“அதுக்கு நான் என்ன செய்ய? தொங்கட்டும்.”

மிதுனா தலையைக் குனிந்து ஒட்டினாள். கோந்து விரல்களில் காய்ந்து தோல் போல உரிந்தது. ரீச்சர் யன்னல் பக்கம் நின்று தன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல நின்றார். இருநூறாவது பிரதியில் பர்ஸானா கை வலிக்கிறது என்றாள், வான் வந்துவிடும் என்றாள்.

“நீ போ,” என்றாள் மிதுனா. “சேர், மிச்சத்தை நான் ஒட்டட்டோ?”

“தனியவோ? இன்னும் இருநூறு கிடக்கு.”

“பரவாயில்லை சேர்.”

கதிர்காமநாதன் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு, கோந்துப் போத்தலை அவள் பக்கம் தள்ளிவைத்தார். இருவருமாக நாலரை மணிக்கு முடித்தார்கள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தயாளினியும் றஸ்மியாவும் ஐந்தாவது வரிசையில் இருந்தார்கள். தங்கை நடுவில். ஆறாவது நிகழ்ச்சியில் மிதுனாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது றஸ்மியா மற்றவர்களைவிட நீண்ட நேரம் கைதட்டினார். தயாளினி தட்டவில்லை. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பைறோஸா மேடைக்கு வந்தார். பிரதி அதிபர் பொன்னாடை போர்த்தினார். இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“எனக்குப் பேச வராது,” என்றார் பைறோஸா. “என்ட கடையில சாப்பிடுற எல்லாருக்கும் நன்றி. சோத்துப் பார்சல் வெலைய மூணு தரம் கூட்டினேன். அப்பவும் ஏசாம வாங்குற ரீச்சர்மாருக்கும் நன்றி.”

மண்டபம் சிரித்தது. கதிர்காமநாதன் நிரலைப் பார்த்து, எட்டாவது நிகழ்ச்சி, தரம் ஆறு மாணவிகளின் நடனம் என்று அறிவித்தார். மாணவர்கள் எவரும் அழைக்கப்படவில்லை. மிதுனா பரிசு பெற்றவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடனம் தொடங்கிய பிறகுதான், அவ்வளவு நேரமும் கால்விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது அவளுக்கே தெரியவந்தது.

தேநீர் மேசையில் தயாளினி பைறோஸாவிடம் போனார். மிதுனா பின்னால் போனாள். தடுக்க வழி இருக்கவில்லை.

“பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிறியளாம். இந்தக் காலத்தில ஆர் செய்யினம். நல்லா இருக்கோணும் நீங்கள்.”

“நான் என்ன, ஒரு ரொட்டி ரெண்டு ரொட்டி.” பைறோஸா மிதுனாவைப் பார்த்தார். இதுவரை கண்டிராத பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. “இது மகளா? ஒன்பது ஏ எடுத்தவங்களா?”

“ஓம். மூத்தவள்.”

“மாஷா அல்லாஹ். என்ன படிக்கப் போறீங்க மகள்?”

“மெத்ஸ், ஆன்ட்டி,” என்றாள் மிதுனா.

“நல்லா படிங்க.” பைறோஸா பொன்னாடையை மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். மத்தியானச் சோறு ஆறுகிறது என்று சொல்லிக் கடைக்குப் போனார்.

விழா பன்னிரண்டு இருபதுக்கு முடிந்தது. தயாளினியும் றஸ்மியாவும் பிற்பகல் வேலைக்குப் புறக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள். பிள்ளைகள் இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.