டெல்ஃபீனா மூடிவிட்ட கோடு

டெல்ஃபீனா தன் வீட்டுச் சுவரில் வரைந்த கோட்டை முடித்த மதியத்திலிருந்து அந்த வீட்டைவிட்டு யாராலும் வெளியேற முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வாசலைத் தாண்டிக் கால் வைத்தவர்கள் அதே வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது.

நியூ மெக்சிகோவின் அந்த மேட்டு ஊரில் பானை வனைகிற பெண்கள், பானையின் கழுத்தைச் சுற்றி வரையும் கோட்டை ஒருபோதும் மூடுவதில்லை; உள்ளிருக்கும் உயிர் போய்வரச் சிறிது இடைவெளி விடுவார்கள். டெல்ஃபீனா அதே ஊர்ப்பெண்தான், ஆனால் நகரத்தில் ஓவியம் படித்தவள். காதலன் எலிசியோவின் அம்மா கிளெமென்சியா வனைந்த பானையிலிருந்து மேகங்களையும் மழைக்கோடுகளையும் கிளியையும் எடுத்து, நான்கு சுவர்களிலும் ஆளுயரத்துக்கு வரைந்தாள். கீழே சுற்றிவந்த கோட்டின் இரு முனைகளையும் சந்தோஷத்தில் சேர்த்துவிட்டாள். அந்நேரம் கிளெமென்சியா அங்கே நின்று, கல்யாணம் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தவள், விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

“ஏண்டி, என் பானையத் திருடுனது பத்தாதுன்னு என்னையும் பிடிச்சு வச்சிருக்கியா?”

“திருடல அத்தை. உங்க கிளி அழகா இருந்துச்சு, வரைஞ்சேன்.”

“கிளியா இது? மூக்கப் பாரு, வான்கோழி மாதிரி!”

அம்மாவை மீட்க வந்த எலிசியோவும் மாட்டிக்கொண்டான். அதற்காக அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாக ரொட்டியும் மிளகாய்க் குழம்பும் கொடுத்தார்கள், களிமண்ணும் கொடுத்தார்கள். கிளெமென்சியா கிளியின் மூக்கைத் திருத்தினாள், திட்டினாள், சாப்பிட்டாள், மறுபடி திட்டினாள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவள் வனைந்த புதுப்பானையில், டெல்ஃபீனா தானாகக் கற்பனை செய்து வரைந்திருந்த சுருட்டை மேகம் இருந்தது.

“இது என் மேகமாச்சே, அத்தை?”

“இருந்தா என்ன? மருமக மேகத்த மாமியா எடுக்கக் கூடாதா?”

எலிசியோ கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டான். கிளெமென்சியா எழுந்துபோய், கோட்டின் முனைகள் சேர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். முதல் நாளே அதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

“அப்பவே சொல்லக் கூடாதா, அம்மா?”

“மூக்கு சரியாகாம எப்படிடா போறது?”

அவள் சுரண்டிய இடைவெளி குறுகலாக இருந்ததால், அகலமான அந்த வாசலிலிருந்து எல்லோரும் பக்கவாட்டில்தான் வெளியேற வேண்டியிருந்தது. மணமக்களும் அப்படியே வெளியே வந்தார்கள். அவர்களுடைய மகள்கள் இருவரும் முதலில் பழகியது பக்கவாட்டு நடைதான். இன்றும் விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்ப வெகுநேரம் பிடிக்கிறது. காத்திருப்பவர்கள் இன்னொரு கிண்ணம் குழம்பு சாப்பிடுகிறார்கள்.