மேலூர்ப் பேச்சு

தாகெஸ்தான் மலையில் ஒருவனுக்கு எத்தனை மொழி தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை. அவன் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டாலே போதும். சந்தையும் ஆஸ்பத்திரியும் கீழே இருப்பதால் மேலே இருப்பவன் கீழே உள்ளவனின் மொழியைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். கீழே இருப்பவனுக்கு மேலே போய் ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. உரிக் ஊரின் பேச்சு ஆயிரத்துச் சொச்சம் பேர் பேசுவது. இரண்டு மணி நேரம் மலையேறினால்தான் அது காதில் விழும். கீழே சந்தை கூடும் கெந்திப் ஊரில் அதை யார் மெனக்கெட்டுப் படிக்கப் போகிறார்கள்?

கெந்திப் ஊர் பாரியாத்துக்கு அது தெரியும். அவளும் மெனக்கெட்டுப் படிக்கவில்லை. உரிக் லபசானின் குடும்பம் மூன்று தலைமுறையாக அவள் வீட்டுக்குக் குனாக், வழிவழியாக வரும் விருந்துறவு. சந்தைக்கு வந்தால் அவர்களுக்கு இங்கேதான் சாப்பாடு, படுக்கை. இவர்கள் மேலே போனால் அங்கே அதே உபசாரம். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தே பன்னிரண்டு வயதுக்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விருந்தாளிகள் தங்களுக்குள் பேசுவது வீட்டுக்காரர் காதில் விழக் கூடாது என்பது அவள் அப்பா போட்ட சட்டம். அப்பாவுக்கென்ன, அவருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

முப்பது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சந்தை நாளும் லபசான் முதல் வாய் வைத்ததும், "இவங்க வீட்டு ரொட்டி காகிதமாட்டம் மெல்லிசு" என்று தன் மொழியில் முனகுவான். அவள் புருஷன் செத்த குளிர்காலத்தில் அதே மொழியில், "விறகுக்கு இந்தப் பொண்ணு என்ன செய்யும்?" என்று அவன் தன் அக்காவிடம் கேட்டதும் அவள் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு லாரி விறகு வந்து இறங்கியது. ரொட்டியை அவள் கடைசிவரை தடிமனாக்கவில்லை. அந்த முனகல் இல்லாவிட்டால் சந்தை நாள் மாதிரியே இருக்காது.

இந்த முறை லபசான் சந்தைக்கு வரவில்லை. அக்கா கிஸ்தமானோடு பெண் கேட்டு வந்திருந்தான். ஊர் விட்டு ஊர் பெண் எடுப்பது இந்த மலையில் அபூர்வம். குனாக் வீடு என்பதால் கேட்கத் துணிந்தார்கள். மாப்பிள்ளை அவன் மகன் கிம்பாத். வடக்கே சுர்குத்தில் கட்டட வேலை. பாரியாத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மகள் ஷுமைசாத் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

ஷுமைசாத் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியே அடுப்படிக்குப் போனாள். கிஸ்தமான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே தன் மொழியில், "நல்ல தெம்பான பொண்ணு. நாலு மாடு இருந்தாலும் பார்த்துக்கும்" என்றாள்.

"சுர்குத் விஷயம்?" என்றான் லபசான்.

"அவளுக்குத் தெரிய வர்றதுக்குள்ள கையில ஒரு குழந்தை இருக்கும். அப்புறம் எங்க போகப் போறா? அவனோட அந்த ருஷ்யக்காரியும் குழந்தையும் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

பாரியாத் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தினாள். புரியாதது போல இருப்பது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். காரணம் சொல்லாமல் மறுத்தால் மூன்று தலைமுறை உறவுக்கு அவமானம். காரணத்தைச் சொன்னால், இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தது வெளியே வந்து, அதைவிடப் பெரிய அவமானம். கடைசியில், நகரத்தில் இருக்கும் மைத்துனரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள். கிஸ்தமான் விடுகிறவள் இல்லை. குனாக்குக்கு நடுவில் மைத்துனருக்கு என்ன வேலை என்று சிரித்தபடி பையிலிருந்து பட்டுத் துணியை எடுத்துவிட்டாள். பெண்ணின் தலையில் அது விழுந்தால் வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது தேநீரோடு வந்த ஷுமைசாத் அந்தத் துணியைப் பார்த்தாள். தட்டை இறக்கி வைத்துவிட்டு, சுத்தமான உரிக் பேச்சில், மரியாதை குறையாமல் கேட்டாள்.

"சுர்குத்துல இருக்கற அந்தக் குழந்தைக்கு என்ன பேருங்க மாமா?"

கிஸ்தமானின் கை அந்தரத்தில் நின்றது. பாரியாத் மகளை வெறித்துப் பார்த்தாள். தான் வந்த வழியிலேயே, அதே தேநீர்த் தட்டோடு, மகளும் வந்து சேர்ந்திருக்கிறாள்.

லபசான் மெல்லத் திரும்பி, அதே மொழியில் பாரியாத்திடம் கேட்டான். "உனக்குமா, தங்கச்சி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குனாக் பிழைத்துவிடும். தவறு மகளோடு முடிந்துபோகும். ஆனால் மகள் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும்தாண்ணே," என்றாள் பாரியாத், உரிக் பேச்சில். "பன்னெண்டு வயசுலேருந்து."

அவன் கண்களை மூடிக்கொண்டான். இந்த வீட்டில் என்னென்ன பேசினோம் என்று வருடம் வருடமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பிறகு எழுந்து, குழந்தையின் பெயர் தைமூர் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினான்.

இனி வரமாட்டான் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த மாதம், முதல் பனி விழுந்த சந்தை நாளில், அக்காவும் தம்பியும் வழக்கம்போல வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். குனாக்கை அறுத்தவன் என்ற பெயரை அவன் எடுக்க மாட்டான். பாரியாத் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ஒரு வயிற்றில் பிறந்த இருவர், தங்களுக்குள் பேசிப் பழகாததால் தட்டுத் தடுமாறி, கெந்திப் மொழியில்.

லபசான் முதல் வாய் வைத்தான். பாரியாத் காத்திருந்தாள்.

"ரொட்டி ரொம்ப நல்லா இருக்கு, தங்கச்சி," என்றான் அவளுடைய மொழியில்.

அவள் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.