கழுவிவிட்ட தெரு

1

"எங்கேம்மா நாத்தம்?"

எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார ஆய்வாளர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தேடினார், குனிந்து சாக்கடையை மோந்துகூடப் பார்த்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். வாயால் சொல்ல வராததையெல்லாம் யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதுவது, பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் பழக்கம்.

கதையின் முதல் வரி: அன்று காலை தெருவெங்கும் பூவாசம்

(பூவாசம் இல்லை, பினாயில் வாசம். அடித்துவிட்டேன்.)

2

மறுபடி தொடங்குகிறேன். தெருவின் மேட்டில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. நகராட்சித் தலைவரின் மச்சானுடையது. அதன் கக்கூஸ் குழாயை மழைநீர்க் கால்வாயில் சொருகிவிட்டிருக்கிறார்கள். அங்கே மாடியில் ஊற்றுகிற தண்ணீர் இங்கே பள்ளத்தில் தையல் அக்கா வீட்டுக்குள் வருகிறது. அக்கா மெஷினைச் செங்கல்மேல் ஏற்றிவைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். நான் பொத்தான் வைத்துக் கொடுக்கிறேன்.

போன முறை பள்ளியில் துணியை முகர்ந்துவிட்டுச் சொன்னார்களாம்: "இன்னொரு தடவை இந்த நாத்தத்தோட வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்." அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. (புருஷன் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எழுதினால் நோட்டுக்குத்தான் நஷ்டம்.)

மனு கொடுத்தோம், காணாமல் போனது. மறுபடி கொடுத்தோம், "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை அக்கா வீட்டில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும். கடைசியில் அக்கா மாவட்ட அலுவலக வாசலிலேயே போய் உட்கார்ந்த பிறகுதான் ஆய்வாளர் வருவதென்று முடிவானது.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். மச்சானைப் பல்லைக் கடிக்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடந்தது அதைவிட மோசம். ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் சிரித்த முகமாக வந்து, பிளீச்சிங் பவுடர், பினாயில், சுண்ணாம்பு, புதுத் துடைப்பம் எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கினார்.

"ஆபீசர் வர்ற தெரு. நம்ம மானம் போகக் கூடாதுல்லம்மா?"

அம்மா உருகிவிட்டாள். "அதானே. நாலு பேர் வர்ற எடத்த இப்படியா போட்டு வப்பாங்க?"

"அவரு நாத்தத்தப் பாக்கத்தானேம்மா வர்றாரு" என்றேன்.

"ஊமக்கோட்டான் இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கு. தொடப்பத்த எடுடி."

காலையில் முழுத் தெருவும் கழுவியது. லாட்ஜில் அன்று மட்டும் குழாயை அடைத்துவிட்டார்கள். ஆபீசர் உட்கார இடம் வேண்டுமே என்று அக்கா வீட்டைத்தான் முதலில் கழுவினார்கள். அக்கா அங்கே இல்லை. சீருடைகளோடு பள்ளியில் கெஞ்சப் போயிருந்தாள். சாக்கடை ஏறின கறைமேல் சுண்ணாம்பு அடித்தார்கள். எல்லாம் அன்போடுதான். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் சாட்சியை எங்கள் கையாலேயே அழிக்கவைத்து, அதற்கு எங்களிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார் மச்சான்.

எங்கே நாற்றம் என்று ஆய்வாளர் கேட்டபோது, நான் விரலை நீட்டி லாட்ஜைக் காட்டினேன்.

"அங்கயா? இப்பத்தானே அங்க காபி குடிச்சேன். சுத்தமா இருக்கே."

(இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. விலைபோனவரா, வெறும் முட்டாளா? காபியைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.)

அப்போது அக்கா வந்தாள். "பாரு, கண்ணாடியாட்டம் இருக்கு ஒன் வீடு" என்றாள் அம்மா. அக்கா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. அவள் வாயைத் திறப்பதற்குள் 'புகார் ஆதாரமற்றது' என்று எழுதிக்கொண்டு ஆய்வாளர் ஜீப்பில் ஏறிவிட்டார். சாயங்காலம் லாட்ஜில் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

4

முடிவு ஒன்று: ஆய்வாளருக்கு மனசு உறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் திரும்பி வந்து

(வரமாட்டார்.)

முடிவு இரண்டு: மச்சான் வழுக்கி, தன் சாக்கடையிலேயே தலைகுப்புற

(இது கதை இல்லை, ஆசை.)

முடிவு மூன்று: அக்கா தன் வீட்டிலிருந்தே ஒரு வாளி மொண்டு, பஸ் ஏறி, மாவட்ட அலுவலகத்தில் ஆய்வாளர் மேசைமேல் வைக்கிறாள். "இங்க இருக்கு சார் நாத்தம்."

இதை மட்டும் முழுசாக எழுதி முடித்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

5

நோட்டை வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தேன். மூட்டை அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. இன்று மத்தியானம் நோட்டோடு வந்து நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மூணாவத ஏண்டி அடிச்ச?"

"பஸ்ஸுல தளும்பும்க்கா. கண்டக்டர் ஏத்த மாட்டாரு."

"எழுத்தாளரம்மாவுக்கு வந்த கவலையப் பாரு."

சிரிக்கவில்லை. நோட்டை என் மடியில் போட்டாள். இனி முடிவு என் கையில் இல்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

குளியலறை வாசலில் அம்மா சோப்புத்தூள் வைக்கும் மூடி போட்ட வாளி இருந்தது. அக்கா பேப்பரை விரித்துத் தூளை அதில் கொட்டினாள். மூடியைப் பொருத்தி, சுற்றிலும் அழுத்தினாள். தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தாள். மூடி அசையவில்லை. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியிறங்கித் தன் வீட்டை நோக்கிப் போனாள்.