பதினோரு ஓட்டுச் சுவர்

வார்டு தேர்தல் முடிந்து ஒன்பது வருஷமாகிறது. முதல் ஒரு மாதத்தைத் தள்ளிவிட்டால், இன்றுவரை எங்கள் தெருவில் எதிர்க்கட்சிக்காரரை யாரும் 'முட்டாள்' என்றுகூடத் திட்டியதில்லை. உலகத்தில் வேறெந்தத் தெருவுக்கும் இந்தப் பெருமை கிடையாது. நாங்கள் நல்லவர்கள் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ஒரு செங்கல் சுவர் செய்த வேலை.

சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரர் கடை, அந்தப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை. சைக்கிள்காரர், தையல்காரரின் தங்கையைக் கட்டியவர். ஆளுக்கொரு கட்சி. சைக்கிள்காரரின் ஆள் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் காலை தையல்காரர் கடையைத் திறந்ததும், "கள்ள ஓட்டுல ஜெயிச்ச கூட்டம்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் அவர் பக்கமாக ஒரு விரற்கடை தடித்தது. "தோத்த கழுதை கத்தத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. சுவர் அந்தப் பக்கமும் ஒரு விரற்கடை தடித்தது. அப்படியொரு நடுநிலையை நாங்கள் எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை.

பத்தடி அகலக் கடை பதினேழு நாளில் நாலடியானது. வெட்டும் மேசை இரண்டு சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. தையல்காரர் வாசலிலிருந்து மேசைமேல் தாவி ஏறி, அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்தால் துணி விரிக்க இடமில்லை. துணி விரித்தால் அவருக்கு இடமில்லை. திங்கட்கிழமைக்குள் இருநூறு பள்ளிச் சீருடை கொடுக்காவிட்டால் வேலை வேறு கடைக்குப் போய்விடும். சைக்கிள்காரரோ சைக்கிள்களை நடுரோட்டில் படுக்கவைத்துப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சுவர் அத்தனை தடித்தும் வசவு மட்டும் தெளிவாகக் கேட்டது.

நகராட்சி சர்வேயர் வந்து நாடா பிடித்தார். "சுவர் தடிக்கலய்யா, நீதான் தடிச்சிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மரியாதையாப் பேசித் தொலைங்களேன்" என்றாள் தங்கை. பேசினார்கள். "மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களே, தங்கள் தலைவர் திருடர் என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன்." சுவர் மூன்று விரற்கடை ஏறப் பார்த்தது, மேசை முனகியது. "உங்க ஆளு தங்கம் மச்சான்" என்று சைக்கிள்காரர் வாய் கூசாமல் புளுகினார். அவர் பக்கம் ஒரு சாண் இடம் போயிற்று. கடைசியில் ஸ்பேனர் தேடுகிற எரிச்சலில், "உங்க ஆளு கூட்டம் முடிஞ்சா நாற்காலியெல்லாம் அவரே மடக்கி வெப்பாரு, அது மட்டும் நிஜம்" என்றார். சுவர் ஒரு விரற்கடை பின்வாங்கியது. தையல்காரருக்குப் பதில் சொல்ல இரண்டு மணி நேரமானது. "உங்க ஆளு... போன் பண்ணா எடுப்பாரு."

இரண்டு கட்சிக்காரர்களைப் பற்றியும் உண்மையான நல்ல விஷயம் தேடித் தெருவே கிளம்பியது. ஊர் கூடி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் மொத்தம் ஏழு அகப்பட்டது. ஏழு விரற்கடையில் சீருடை வெட்ட முடியுமா?

சனிக்கிழமை சர்வேயர் மறுபடி வந்தார். மேசைமேல் ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்துக் காலாட்டினார். "இது நகருமா? பாருங்க, மலை மாதிரி நிக்குது."

தங்கை வாசலில் நின்றாள். பின்னால் சைக்கிள்காரர். அவள்தான் கேட்டாள்: "அண்ணே, நாற்காலிக் கதையெல்லாம் போதும். ஓட்டு எண்ணுறப்ப உங்க கட்சி சார்புல நீதானே பக்கத்துல உட்கார்ந்திருந்த? அந்தப் பதினோரு ஓட்டுல எது கள்ள ஓட்டு?"

தையல்காரர் கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். அவர் சொன்னதை நம்பித்தான் பாதித் தெரு மீதித் தெருவோடு பேச்சை நிறுத்தியிருந்தது. உண்மையைச் சொன்னால் கட்சியில் இருக்கிற சின்னப் பொறுப்பும் போய்விடும்.

"ஒண்ணுகூட கள்ள ஓட்டு இல்ல. எண்ணினது சரிதான் மாப்ள. ஒவ்வொரு சீட்டையும் பார்த்தேன். நாங்க தோத்துட்டோம்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஆனா தண்ணிக் குழாய் விஷயத்துல உங்க ஆளு பண்றது தப்பு. நாளைக்கும் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க மச்சான். நான் இல்லேம்பேன்."

சுவர், ஏதோ ஞாபகம் வந்தவர் எழுந்து போகிற மாதிரி, இரண்டு பக்கமும் ஒரேயடியாக ஆறடி பின்னால் போனது. சாய்ந்திருந்த சர்வேயர் மேசையிலிருந்து உருண்டு, புதிதாகக் கிடைத்த தரையில் மல்லாக்க விழுந்தார்.

"ஆமாய்யா, நகர்ந்துச்சு" என்றார். "என் முதுகுக்குத் தெரியும். கை கொடுத்துத் தூக்குங்க."